கடற்கரையில் ஒரு வாடகை அறை

திருக்கடையூரில் என் மைத்துனருக்கு மணிவிழா. தமிழ்நாட்டில் அறுபது வயது நிரம்பியவர்கள் எல்லாரும் பேசி வைத்துக்கொண்டு அன்றைக்கே அங்கே வந்து சேர்ந்தார்களோ என்று நினைக்கும்படியாக ஊர் நிறையக் கூட்டம். விடுதிகளில் ஓர் அறைகூடக் காலி இல்லை. "சுமார் அஞ்சு மைல் போனா தரங்கம்பாடி. அங்கே கடற்கரை ஓரமா குடும்பத்தோட தங்கற மாதிரி லாட்ஜ் இருக்கு. வாடகையும் ரொம்ப இல்லை" என்று யாரோ ஒரு புண்ணியவான் சொன்னார். இப்படித்தான் நானும் என் மனைவியும் பத்து வயதுப் பேரனும் ஒரு தை மாதத்து மாலையில், பெட்டி படுக்கைகளுடன் தரங்கம்பாடியில் போய் இறங்கினோம்.

'குடும்பத்தோடு தங்கும் விடுதி' என்பதற்கு என் மனைவி சில இலட்சணங்கள் வகுத்து வைத்திருக்கிறாள். குளியலறைத் தாழ்ப்பாள் ஒழுங்காக விழ வேண்டும். தலையணை உறை வெளுத்திருக்க வேண்டும். பக்கத்து அறையில் சீட்டாட்டம் நடக்கக் கூடாது. விடியற்காலையில் கேட்டவுடன் காப்பி வர வேண்டும். இந்த நாலும் இருந்தால் அது மாளிகை. ஒன்று குறைந்தாலும் அது சத்திரம். அந்த விடுதி நாலு பரீட்சையிலும் தேறிவிட்டது. சங்கடம் ஐந்தாவதாக வந்தது.

"கடல் பாத்த ரூமா சார், ரோடு பாத்த ரூமா? கடல் பாத்ததுன்னா ஐந்நூறு ரூபா கூட" என்றார் மானேஜர்.

"கடலைப் பாக்கறதுக்குமா காசு?" என்றாள் என் மனைவி.

"பாக்கறதுக்கு இல்லைம்மா, சத்தத்துக்கு. ராத்திரி படுத்தா தாலாட்டற மாதிரி இருக்கும்."

பேரன் என் வேட்டியைப் பிடித்து இழுத்தான். பாட்டியின் முகத்தைப் பார்த்தேன். பிறகு பேரன் முகத்தைப் பார்த்தேன். ஐந்நூறு ரூபாயை எடுத்து வைத்தேன். வைக்கும்போது எனக்கு மனக்குறை இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பின்னால் அது எப்படித் தீர்ந்தது என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

அறையின் வெளித் தாழ்வாரத்தில் நின்றால் எதிரே வங்காள விரிகுடா. ஒரு பக்கமாகத் திரும்பினால் டேனிஷ்காரர்களின் பழைய கோட்டை. வேட்டிக்கு இஸ்திரி போடக்கூடக் காத்திராமல் நான் கோட்டைக்குக் கிளம்பியதற்குக் காரணம் உண்டு. நாலு வருஷங்களாக என் மேஜை இழுப்பில் ஒரு சரித்திர நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. இந்தக் கோட்டையை நிறுவிய தளபதிதான் அதன் கதாநாயகன். அவன் பெயர் ஓவே கெட்டே.

பெயரைக் கேட்டதும் பேரன், "கெட்டவரா தாத்தா?" என்று கேட்டான்.

அதைத் தீர்மானிக்க முடியாமல்தான் நாலாவது அத்தியாயம் நின்று போயிருக்கிறது என்பதை அவனிடம் சொல்லவில்லை.

அந்த இளைஞன் 1618-ஆம் ஆண்டு டென்மார்க்கிலிருந்து கப்பல் ஏறியபோது அவனுக்கு இருபத்து நாலு வயதுகூட நிரம்பவில்லை. இரண்டு வருஷங்களுக்கு முன்பு, 1616-இல், அந்த நாட்டு மன்னர் நான்காம் கிறிஸ்டியான் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சாசனம் அளித்திருந்தார். இலங்கையில் கண்டி அரசருடன் கூட்டுச் சேர்ந்து வியாபாரம் செய்வதுதான் திட்டம். கடலிலே ஏறத்தாழ இரண்டு வருஷம் போயிற்று. உடன் வந்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் வழியிலேயே மாண்டார்கள். இலங்கைக்கு வந்து சேர்ந்தால், அங்கே பேச்சு பலிக்கவில்லை. இதற்குள் முன்கூட்டியே அனுப்பப்பட்ட ஒரு கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்த்துகீசியர் தாக்கி அழித்துவிட்டார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் எப்படியோ தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்ச் சேர்ந்தார். ஓர் இடத்தில் அறை கிடைக்காமல் இன்னோர் ஊருக்கு வந்து தங்கியவர்கள் நாங்கள் மட்டும் அல்ல என்று தெரிகிறதல்லவா?

அப்போது தஞ்சையை ஆண்டவர் ரகுநாத நாயக்கர். இசையிலும் இலக்கியத்திலும் வல்லவர். வீணையும் வாளும் பிடிக்கத் தெரிந்தவர். நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் காலூன்றியிருந்த காலம் அது. ஒரே வியாபாரியை நம்பியிருப்பதைவிட இரண்டு வியாபாரிகள் இருப்பது நல்லது என்பது கடை வைத்திருப்பவர்களுக்கும் கடற்கரை வைத்திருப்பவர்களுக்கும் தெரிந்த விஷயம். 1620-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் உடன்படிக்கை ஏற்பட்டது. நாயக்கர் டேனிஷ் மன்னருக்குப் பொன்னேட்டில் பொறித்து அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் காக்கப்பட்டு வருகிறது.

நான் இதையெல்லாம் கோட்டை வாசலில் நின்று பேரனுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். அவன் ஒரே கேள்வியில் என்னை மடக்கினான்.

"அப்ப இந்த இடம் அவங்களுக்கே குடுத்துட்டாரா, தாத்தா?"

"இல்லை. வருஷா வருஷம் பணம் கட்டணும் என்று ஏற்பாடு. 3,111 ரூபாய்."

"வாடகையா?"

நான் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன். சரித்திரப் புத்தகங்கள் இதற்குக் 'கப்பம்' என்றும் 'குத்தகை' என்றும் 'காணிக்கை' என்றும் கனமான சொற்களைப் போடுகின்றன. நானும் என் மூன்று அத்தியாயங்களில் 'குடியேற்றம்', 'கொடி நாட்டுதல்' என்றெல்லாம் முழங்கியிருந்தேன். பத்து வயதுப் பையன் சொன்னதுதான் சரி. வாடகைதான். கடல் பார்த்த இடத்துக்கு வாடகை!

இந்த ஊரின் பெயரிலேயே இது அடங்கியிருக்கிறது. 'தரங்கம்' என்றால் அலை. 'அலைகள் பாடுகிற இடம்' என்று பொருள் சொல்லி மகிழ்கிறவர்கள் உண்டு; கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழில் 'பாடி' என்ற சொல்லுக்குக் குடியிருப்பு என்றும், படை வந்து தங்கும் பாசறை என்றும் பொருள் உண்டு. இங்குள்ள மாசிலாமணி நாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. 1306-ஆம் ஆண்டைச் சேர்ந்த அதன் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்று காணப்படுகிறது. தரங்கம் பிற்பாடு வந்தது. பாடி முன்னாலேயே இருந்தது. ஆக, இது தங்கும் இடம். யார் யார் வந்து தங்கினார்கள் என்பதுதான் இதன் சரித்திரம்.

கோட்டைக்குள்ளே இப்போது சிறிய அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மேல் தளத்தில் கவர்னரும் பெரிய வியாபாரிகளும் பாதிரியாரும் இருந்தார்கள். கீழே கிடங்கும் சமையலறையும் சிப்பாய்களின் இருப்பிடமும். அன்றைக்கும் காற்று வருகிற அறை பெரிய மனிதர்களுக்கு, புழுக்கம் மற்றவர்களுக்கு என்றுதான் இருந்திருக்கிறது.

என் கதாநாயகன் ஓவே கெட்டே இங்கே அதிக நாள் இருக்கவில்லை. கோட்டை வேலையைத் தொடங்கி வைத்துவிட்டுக் கப்பலேறினான். 1622-இல் சொந்த நாடு போய்ச் சேர்ந்தான். பிறகு அங்கே பெரிய பதவிகள் வகித்தான். கோட்டையில் வாழ்ந்தவர்கள் வேறு பேர். அவர்களில் ஒருவனைப் பற்றி எண்ணும்போதெல்லாம் என் நெஞ்சு இளகுகிறது.

ஐரோப்பாவில் டென்மார்க் யுத்தங்களில் மாட்டிக்கொண்டு கடன்பட்டுத் தவித்தது. 1650-இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. 1640-களின் தொடக்கத்துக்குப் பிறகு 1669 வரையில் தாய்நாட்டிலிருந்து இந்தக் கரைக்கு ஒரு கப்பல்கூட வரவில்லை. நேயர்கள் கொஞ்சம் நிதானித்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். கால் நூற்றாண்டுக்கு மேல் சம்பளம் இல்லை, கடிதம் இல்லை, செய்தி இல்லை. இருந்தவர்களில் சிலர் செத்தார்கள், சிலர் வேறு இடம் தேடிப் போனார்கள். 1655 வாக்கில் மிஞ்சியவன் ஒரே ஒரு டேனிஷ்காரன் என்கிறார்கள். அவன் பெயர் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. பிரபு வம்சத்தவன் அல்ல; சாதாரண மனிதன்.

அவன் கோட்டையைக் காலி செய்யவில்லை. உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு காவல் காத்தான். வாடகை பாக்கி நின்றது. தஞ்சைப் படைகள் வந்து முற்றுகையிட்டன. அவன் வங்கக் கடலில் போகிற கப்பல்களைப் பிடித்துப் பணம் சேர்த்தான். சட்டப்படி அதற்கு என்ன பெயரோ. கொள்ளை என்றுதான் நாம் சொல்லுவோம். அந்தப் பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினான். நாயக்கருடன் சமாதானமும் செய்துகொண்டான். 1669-ஆம் ஆண்டு 'ஃபேரோ' என்ற கப்பல் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது, கோட்டை இன்னும் டென்மார்க்கின் கையில்தான் இருந்தது.

அந்த மதில் மேல் நின்று கடலைப் பார்த்தேன். ஏறக்குறைய பதினாலு வருஷம் ஒவ்வொரு காலையும் இங்கே வந்து நின்று, கிழக்கே பாய்மரம் தெரிகிறதா என்று அவன் பார்த்திருப்பான். வீரன் என்று சொல்லுவதா, கொள்ளைக்காரன் என்று சொல்லுவதா, அல்லது போக்கிடம் இல்லாத வாடகைக்காரன் என்று சொல்லுவதா? என் நாவலின் கதாநாயகனை நான் அங்கேயே மாற்றிவிட்டேன்.

கோட்டையிலிருந்து ராஜ வீதிக்கு வந்தோம். மேற்கே ஊர் வாசல் நிற்கிறது, 1792-இல் கட்டியது. அந்த வீதியில் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. அதைக் கட்டிய சீகன்பால்குவும் இந்த ஊரில் தங்க வந்தவர்தான். ஜெர்மனிக்காரர், டேனிஷ் மன்னர் அனுப்பி 1706-ஆம் ஆண்டு ஜூலையில் வந்து இறங்கினார். சமயப் பணிக்கு வந்தவர் என்பது எல்லாருக்கும் தெரியும். எழுதிப் பிழைக்கிற எனக்கு அவரிடம் வேறு ஓர் ஈடுபாடு. அவர் பிள்ளைகளோடு திண்ணையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார் என்று சொல்லுவார்கள். டேனிஷ் கவர்னரே அவரைப் பிடித்து நாலு மாதம் கோட்டைக்குள் அடைத்து வைத்தார். பிறகு அச்சு யந்திரம் வந்தது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் வந்தன. 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. பக்கத்துப் பொறையாற்றில் காகிதம் செய்யவும் பட்டறை ஏற்பட்டது. தமிழ் ஏடுகளைத் தேடித் தொகுத்து அவற்றுக்கு ஓர் அட்டவணையும் எழுதினார். நம் நாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய நூலை மேலிடத்தார் அச்சிட மறுத்துவிட்டார்கள். அது 1867-இல்தான் சென்னையில் வெளியாயிற்று. 1719-இல் முப்பத்தாறு வயதில் காலமான அவருடைய உடல் அந்த ஆலயத்திலேயே இருக்கிறது. வந்த இடத்தின் பாஷையைக் கற்றுக்கொண்ட வாடகைக்காரர் அவர்.

"கடைசியா யார் காலி பண்ணாங்க?" என்று கேட்டாள் என் மனைவி. அவளுக்கு எப்போதும் கதையின் முடிவு முதலில் தெரிய வேண்டும்.

முடிவு வேடிக்கையானது. நாயக்கர் ஆட்சி 1673-இல் அழிந்தது. மராட்டியர் வந்தார்கள். 1799-இல் தஞ்சையும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. நெப்போலியன் யுத்த காலத்தில், 1808 முதல் 1815 வரையில், தரங்கம்பாடியையே ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் 1845-ஆம் ஆண்டு, வங்காளத்துச் செராம்பூரையும் இதையும் சேர்த்து, பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு டென்மார்க் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டது.

"வாடகைக்கு வந்தவங்க எப்படி விப்பாங்க?" என்றாள்.

எப்படி விற்பார்கள்! வீட்டுக்காரனின் வம்சம் அற்றுப்போயிற்று; அடுத்த வீட்டுக்காரனின் கையில் அதிகாரம் இல்லை. வாடகைக்கு இருந்தவன் இன்னொரு வாடகைக்காரனுக்கு வீட்டை விற்றான். சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டிய ஊர்க்காரனை யாரும் கூப்பிடவில்லை. உலக சரித்திரத்தில் பாதி இந்த ஒரு வாக்கியத்துக்குள் வந்துவிடும் என்று எனக்குத் தோன்றிற்று.

அதற்குப் பின் கோட்டை சிறைச்சாலையாக இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1978 வரையில் அது என்னவாக இருந்தது தெரியுமா? சுற்றுப்பயணம் வருகிற அதிகாரிகள் தங்கும் பங்களாவாக இருந்தது! பெட்டியுடன் வருவதும், இரண்டு ராத்திரி தங்குவதும், சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதும். கோட்டை தன் ஜாதக பலனைத்தான் அனுபவித்தது. 1978-இல் தொல்லியல் துறையார் எடுத்துக்கொண்டார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மானேஜர் சொன்ன தாலாட்டு என்னவோ நடந்துகொண்டுதான் இருந்தது. மனைவியும் பேரனும் நன்றாகத் தூங்கினார்கள். நான் கீழே இறங்கி வந்தேன். கடலைப் பார்த்த பக்கமாக ஒரு நாற்காலியைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இரவுக் காவல்காரர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். எழுந்திருக்கப் போனவரைக் கையமர்த்திவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

"தூக்கம் வல்லீங்களா ஐயா? புது இடம்னா அப்படித்தான்."

"நீங்க இந்த ஊர்தானா?"

"பொறந்தது வளந்தது எல்லாம் இங்கதாங்க. மீன்பிடித் தொழிலுதான். எங்க வீடு அதோ, கல்லு கொட்டியிருக்கே, அதுக்கு இந்தண்ட இருந்துச்சு." கையை நீட்டிக் காட்டினார். அங்கே இருட்டும் நுரையும்தான் தெரிந்தன.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதியைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"ஞாயித்துக்கெழமைங்க. புள்ளைங்க தப்பிச்சிச்சு. எங்க அக்கா போயிட்டாங்க. அப்பறம் வீடு கட்டிக் குடுத்தாங்க, கடலை விட்டுத் தள்ளி. தளம் போட்ட வீடு. எம் பேரும் வீட்டுக்காரி பேரும் சேத்துப் பட்டா. பழைய மனைய எழுதிக் குடுத்துட்டோம். குத்தம் சொல்லக் கூடாதுங்க, நல்ல வீடு. ஆனா..."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"படுத்தா சத்தம் கேக்கலீங்க ஐயா. அம்பது வருசம் கேட்ட காது. ராத்திரி முழுக்க முழிச்சிக்கிட்டே கெடப்பேன். அலை இல்லாட்டி என்னவோ ஆபத்து வர்ற மாதிரி இருக்கும். வீட்டுக்காரி திட்டும், 'அக்காவக் கொண்டுபோன கடலு, அதுக்கா ஏங்குற'ன்னு. என்ன பண்றதுங்க? அதான் இந்த வேலைக்கு வந்துட்டேன். சம்பளம் கம்மிதான். சத்தம் கேக்குது."

நான் ஐந்நூறு ரூபாயை நினைத்துக்கொண்டேன். நான் முணுமுணுத்துக்கொண்டே எண்ணி வைத்த பணம், இந்த மனிதர் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று தேடி வந்த அதே சத்தத்துக்கு. நாயக்கர் காலத்திலிருந்து இந்தக் கரைக்கு யார் யாரோ விலை பேசியிருக்கிறார்கள்: 3,111 ரூபாய், பன்னிரண்டரை லட்சம், ஐந்நூறு. இவர் மட்டும் எந்தப் பத்திரத்திலும் இல்லை. பத்திரத்தில் இவர் பெயர் முதல் முறையாக வந்தபோது, அது கடலை விட்டு விலகுகிற பத்திரமாக இருந்தது. இவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள். அதில் தவறு சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை.

பொழுது விடிந்ததும் அவரே எங்களை மாசிலாமணி நாதர் கோயிலுக்கு அழைத்துப் போனார். பாண்டியன் கட்டிய கோயிலின் முன்பகுதியைக் கடல் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. பின்னால் திருப்பணி செய்து, அலை அடிக்காதபடி கல்லும் போட்டிருக்கிறார்கள். பேரன் அந்தக் கற்களின் மேல் ஏறி நின்று, "தாத்தா, சாமி எவ்வளவு வாடகை குடுக்கறார்?" என்று உரக்கக் கேட்டான். என் மனைவி அவன் வாயைப் பொத்தினாள். காவல்காரர் மட்டும் சிரித்துவிட்டு, "அவரும் பாதி மனைய எழுதிக் குடுத்துட்டாருல்ல தம்பி!" என்றார்.

மறுநாள் மணிவிழா முடிந்து, சாப்பாடு ஆகி, பெட்டியை எடுக்க விடுதிக்குத் திரும்பினோம். கணக்குத் தீர்த்தேன். "கடல் பாத்த ரூம் எப்படி சார் இருந்துச்சு?" என்று மானேஜர் விசாரித்தார்.

"நன்றாக இருந்தது" என்றேன். ஐந்நூறு அதிகம் என்று சொல்லத் தோன்றவில்லை. குறைவு என்று சொல்லவும் தைரியம் வரவில்லை.

கோங்ஸ்பாக்கேயை வைத்து நாலாவது அத்தியாயத்தை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். முன்பு அதில் ஒரு மனிதன் மதில் மேல் தனியாக நின்றான். இப்போது பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்திருக்கிறான், தலையில் துண்டு சுற்றிக்கொண்டு. அந்தப் பரதேசியோடு சேர்ந்து கோட்டையைக் காத்த உள்ளூர் ஆட்களின் பெயர்களைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. என் காவல்காரரின் பெயரை நானும் கேட்டுக்கொள்ளாமலே வந்துவிட்டேன். அடுத்த தையில் போய்க் கேட்க வேண்டும்.